பெயர்கள் ஓடி முடியும்வரை நிறுத்தாதீர்கள்: கொழும்புப் படமாளிகை ஒன்றின் நிர்வாகத்தினருக்குத் திறந்த மடல்

நிர்வாகத்தினருக்கு,

போன வெள்ளிக்கிழமை உங்கள் டிக்கெட் கவுண்டருக்கு வந்து ஒரு கேள்வி கேட்டேன். இந்த 2025 ஜூன் நடுப்பகுதியில் வரப்போகும் ‘ஹவ் டு ட்ரெயின் யுவர் டிராகன்’ படத்துக்கு, கடைசியில் பெயர்கள் ஓடும் பகுதியை முழுவதும் காட்டுவீர்களா என்பதுதான் கேள்வி. கவுண்டரில் இருந்த தம்பிக்கு இது விளங்கவில்லை. உள்ளே போய்க் கேட்டுவிட்டு வந்து சொன்னார்: “அஞ்சு ஷோ போடப்போறம் அக்கா. பேர் ஓட விட நேரமில்லையாம். கதை முடிஞ்ச உடனே நிப்பாட்டிடுவம்.”

அந்தப் பதிலைக் கேட்டு வீட்டுக்கு வந்த பிறகு இரண்டு நாள் பேசாமல் இருந்து பார்த்தேன். முடியவில்லை.

உங்கள் படமாளிகையின் பெயரை நான் எழுதவில்லை. யாரென்று உங்களுக்குத் தெரியும். மற்றப் படமாளிகைக்காரர்கள் படித்துவிட்டு, இது நம்மைத்தான் சொல்கிறதோ என்று யோசித்தால், அதுவும் நல்லதுதான்.

நான் வெள்ளவத்தையில் பிள்ளைகளுக்கு வயலின் சொல்லிக் கொடுக்கிறவள். அந்த டிராகன் படம் முதலில் கார்ட்டூனாக வந்தது 2010ல். அப்போது எனக்குப் பத்தொன்பது வயது. காலி வீதியில் ஒரு கடையில் வாங்கிய டிவிடியில்தான் பார்த்தேன். கள்ள டிவிடிதான், ஒத்துக்கொள்கிறேன். எங்கள் வீட்டு டிவியின் இரண்டு சின்ன ஸ்பீக்கரில், அடுப்படியில் அம்மா தேங்காய் துருவும் சத்தத்துக்கு இடையே அந்த இசையை முதன்முதல் கேட்டேன். படம் முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து போட்டேன். கதைக்காக இல்லை.

இசையமைத்தவர் ஜோன் பவல். லண்டன்காரர். சின்ன வயதில் வயலின் பழகியவர் என்று பிறகு தெரிந்தபோது எனக்கு ஒரு தனிப் பெருமை, ஏதோ ஒன்றுவிட்ட சொந்தம் மாதிரி. அந்தப் படத்துக்காக அவர் சிறந்த இசைக்கான ஒஸ்கார் பட்டியலில் இடம்பெற்றார். 2011 பெப்ரவரியில் நடந்த விழா அது. அதே பட்டியலில், அதே பிரிவில், ‘127 அவர்ஸ்’ படத்துக்காக ஏ. ஆர். ரஹ்மானும் இருந்தார். ஹொலிவூட் இசையமைப்பாளர் ஹான்ஸ் ஸிம்மரும் இருந்தார். விருது மூவருக்குமே போகவில்லை, ‘த சோஷியல் நெட்வேர்க்’ படம் எடுத்துக்கொண்டு போனது. எங்கள் வீட்டில் எல்லாரும் ரஹ்மானுக்காகக் காத்திருந்தார்கள். நான் மட்டும் உள்ளுக்குள் கட்சி மாறி இருந்தேன். இன்றுவரை அப்பாவிடம் சொன்னதில்லை.

இப்போது அதே கதையை மனித நடிகர்களை வைத்துப் புதிதாக எடுத்திருக்கிறார்கள். அன்று இயக்கிய இருவரில் ஒருவரே இயக்குகிறார், இசையும் அதே ஜோன் பவல். ரீமேக் என்றால் பொதுவாக இசையமைப்பாளர் மாறிவிடுவார். நமக்குத் தெரிந்த கதைதானே. 1980ல் வந்த ‘பில்லா’வுக்கு எம். எஸ். விஸ்வநாதன் போட்ட மெட்டை, 2007ல் யுவன் சங்கர் ராஜா எடுத்துத் தன் கைவண்ணத்தில் மாற்றித் தந்தார். அது ஒருவர் மெட்டை இன்னொருவர் தொடுவது. இங்கே நடப்பது வேறு. பதினைந்து வருடத்துக்குப் பிறகு ஒரு மனிதர் தன்னுடைய மெட்டையே திரும்ப எடுத்து மேசையில் வைக்கிறார். ஒரு சுரத்தையும் மாற்றாமல் விடுவாரா? மெதுவாக்குவாரா? வரைந்த டிராகனுக்குப் பொருந்திய குழலும் பேக்பைப்பும், உண்மையான கடலுக்கும் பாறைக்கும் மேலே எப்படி நிற்கும்? நல்ல பாடகர் ஒருவர் இருபத்தைந்து வயதில் பாடிய கீர்த்தனையை நாற்பதில் பாடும்போது நாம் எதற்காகப் போய் முன்வரிசையில் உட்காருகிறோம்? சங்கதி, அதாவது ஒரே வரியை மாற்றி மாற்றிப் பாடும் நுணுக்கம், எங்கே கூடியிருக்கிறது, எங்கே குறைந்திருக்கிறது என்று பார்க்கத்தானே. அந்த ஆவல்தான் எனக்கும்.

இதெல்லாம் தியேட்டர் நடத்துகிறவருக்கு எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். சொல்கிறேன்.

அந்தப் படத்தில் பையனும் டிராகனும் பழகத் தொடங்கும் இடத்தில் பேச்சே கிடையாது. பையன் மணலில் குச்சியால் டிராகனின் முகத்தை வரைகிறான். அது ஒரு மரக்கிளையைப் பிடுங்கிவந்து தானும் கிறுக்குகிறது. அந்தக் கோடுகளை மிதிக்காமல் அவன் ஒவ்வொரு அடியாக எடுத்து வைக்கிறான். கடைசியில் முகத்தைத் திருப்பிக்கொண்டு கையை மட்டும் நீட்டுகிறான், அது மூக்கைக் கொண்டுவந்து வைக்கிறது. ஏறக்குறைய நாலு நிமிடம். சிறு சிறு தட்டல்களாகத் தொடங்கி, மெல்ல மெல்லக் கோரஸ் வந்து சேரும் அந்த இசைதான் அங்கே வசனம். அதைக் குறைத்து வைத்தால் அங்கே படமே இல்லை.

2022 மார்ச் கடைசியில் பதின்மூன்று மணித்தியாலம் மின்வெட்டு என்று அறிவித்தார்களே, அந்தக் கிழமை உங்களுக்கு நினைவிருக்கும். உங்கள் காட்சிகளும் நின்றிருக்கும். நான் மாடியில் பாய் போட்டு, போனில் மிச்சம் இருந்த சார்ஜில், ஒரு காதில் மட்டும் வேலை செய்த இயர்போனில் அந்த நாலு நிமிடத்தைக் கேட்டுக்கொண்டு கிடந்தேன். ஆக, டிவியில் கேட்டேன், போனில் கேட்டேன், காதால் பிடித்துச் சுரமாக எழுதிப் பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுத்தேன். ஒரு தியேட்டரில், இருட்டில், நாலு பக்கமும் சத்தம் வர, ஒருமுறைகூடக் கேட்டதில்லை. பதினைந்து வருடம். அதற்குத்தான் உங்கள் கவுண்டருக்கு வந்தேன்.

இனி, உங்கள் படமாளிகையில் எனக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

இந்த வருடம் ஜனவரியில் மாணவர்கள் எட்டுப் பேரைக் கூட்டிக்கொண்டு ஒரு ஆங்கில மாயாஜாலப் படத்துக்கு வந்தேன். வாத்தியக்குழு இசை என்றால் என்ன என்று காட்டுவதற்காகத்தான் கூட்டி வந்தேன். நூறாம் இலக்க பஸ்ஸில் எட்டுப் பிள்ளைகளையும் ஏற்றி இறக்கிய பாட்டை விடுங்கள். டிக்கெட் ஒன்று 1,000 ரூபாய்க்கு மேல். பெற்றோர் கொடுத்தார்கள், சிலருக்கு நான் போட்டேன்.

முதலில் இடைவேளை. தமிழ்ப் படத்தில் இடைவேளை எங்கே என்று இயக்குநரே முடிவு செய்துவிடுகிறார். அங்கே ஒரு திருப்பம் வரும், இசை உச்சத்துக்குப் போய் நிற்கும், ‘இடைவேளை’ என்று எழுத்து விழும், நாங்களும் கச்சான் வாங்க எழும்புவோம். ஆங்கிலப் படத்தை எடுத்தவர்கள் அப்படி ஓர் இடத்தை வைப்பதில்லை. ஆகவே உங்கள் ஒப்பரேட்டர் கடிகாரத்தைப் பார்த்து வெட்டுகிறார். அன்றைக்கு வயலின்கள் எல்லாம் சேர்ந்து ஏறிக்கொண்டிருந்த இடத்தில் வெட்டினார். சுருதி ஏறிக்கொண்டே போய்ச் சட்டென்று கறுப்புத் திரை, பிறகு சோடா விளம்பரம். என் பக்கத்தில் இருந்த ஒன்பது வயதுப் பிள்ளை கேட்டது: “கரண்ட் நிண்டிட்டுதா டீச்சர்?”

இடைவேளையே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. உங்கள் வருமானத்தில் பாதி அந்தப் பத்து நிமிடத்தில் விற்கும் சோளப்பொரியில்தான் இருக்கும், அது எனக்கும் விளங்குகிறது. தனி ஆவர்த்தனத்தின் நடுவில் திரையை இறக்காதீர்கள் என்றுதான் சொல்கிறேன். பழைய கார்ட்டூன் படம் 98 நிமிடம். பையன் டிராகனின் முதுகில் ஏறிச் சரியாகப் பறக்கப் பழகும் காட்சி, அந்தப் படத்தின் உயிர் என்று என்னைப் போன்றவர்கள் நினைக்கும் இசை, ஏறத்தாழ நடுப்பகுதியில்தான் வருகிறது. புதுப் படத்திலும் அப்படியே வந்தால், கடிகாரம் பார்த்து வெட்டுகிற உங்கள் கத்தி நேராக அதன் கழுத்தில்தான் விழும்.

அடுத்தது சத்தம். பேச்சு நன்றாகக் கேட்டது, இசை மட்டும் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து வருவது போல இருந்தது. என் காதில்தான் பிழையோ என்று நினைத்து இரண்டு கதிரை தள்ளி உட்கார்ந்து பார்த்தேன். வலது பக்கம் கேட்டது, இடது பக்கம் முணுமுணுத்தது. திரைக்குப் பின்னால் இடம், நடு, வலம் என்று மூன்று ஒலிபெருக்கி இருக்கும். பேச்சு பெரும்பாலும் நடுவிலிருந்து வரும், இசை இடத்திலும் வலத்திலும் விரிந்து வரும். இடது பக்கத்தில் கோளாறு வந்தாலும் கதாநாயகன் பேசுவது தெளிவாகவே கேட்கும். அதனால் யாரும் வந்து முறையிட மாட்டார்கள். உங்களுக்கும் தெரியாமலே மாதக்கணக்கில் ஓடிக்கொண்டிருக்கும். படம் முடிந்த பிறகு ஒப்பரேட்டரைப் பிடித்துக் கேட்டேன். நல்ல மனிதர், ஒளிக்காமல் சொன்னார். இடது பக்கம் கொஞ்ச நாளாகச் சரியில்லையாம், எழுதிக் கொடுத்திருக்கிறாராம். சத்தத்தையும் நாலரையில் வைத்திருக்கிறாராம்.

நாலரை என்பது, தியேட்டரின் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் டொல்பி பெட்டியில் இருக்கும் அளவு. பத்து வரை போகும் அந்த அளவில் ஏழு என்பதுதான் படத்தின் ஒலியைக் கலந்தவர் தன் அறையில் கேட்ட அளவு. ஏன் நாலரை என்று கேட்டதற்கு, விளம்பரமும் ட்ரெய்லரும் போகும்போது சத்தம் கூட என்று ஆட்கள் ஏசுகிறார்கள், அதனால் குறைத்து வைத்தேன் என்றார். ஏசியவர்களில் பிழையில்லை. அந்த விளம்பரங்கள் காதைக் கிழிக்கத்தான் செய்கின்றன. ஆனால் விளம்பரத்துக்காகக் குறைத்ததைப் படம் தொடங்கும்போது யாரும் கூட்டுவதில்லையே. வட்டிலப்பம் இனிப்புக் கூட என்று சொன்னதற்காகச் சோற்றில் உப்பைக் குறைத்த கதையாக இருக்கிறது இது.

கடைசியாக அந்த முடிவு. கதை முடிந்தது, திரை இருண்டது, முதல் பெயர் வந்தது, இசை தொடங்கியது. பிள்ளைகளை எழும்ப வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தேன். இனித்தான் பாடம். ஏனென்றால் படத்தில் அங்கங்கே துண்டு துண்டாக வந்த மெட்டுகளையெல்லாம், பேச்சோ வெடிச்சத்தமோ குறுக்கிடாமல் இசையமைப்பாளர் கோத்துத் தரக்கூடிய ஓர் இடம் அதுதான். இருபது வினாடிகூட ஆகியிருக்காது. எல்லா விளக்கும் ஒரேயடியாக எரிந்தது, அடுத்த கணம் சத்தமும் போனது. வெள்ளைத் திரைக்கு முன்னால் நாங்கள் ஒன்பது பேரும், துடைப்பத்தோடு ஒரு அண்ணையும். அவர் மேல் கோபமில்லை. அவரை அடுத்த காட்சிக்கு முன் பதினைந்து நிமிடத்தில் இருநூறு கதிரைக்குக் கீழே கூட்டச் சொல்லியிருக்கிறீர்கள், அவர் என்ன செய்வார்.

கச்சேரியில் மங்களம் பாட முதல் மைக்கை நிறுத்தும் சபா ஒன்று இந்த ஊரில் இருக்கிறதா? சபையில் பாதிப் பேர் செருப்பைத் தேடிப் போய்விட்டாலும் மங்களம் பாடப்படும்.

அன்று உங்கள் முகாமையாளரிடம் இதைச் சொன்னேன். மரியாதையாகத்தான் பேசினார், அதைச் சொல்ல வேண்டும். “எல்லாரும் எழும்பிப் போயிடுவினம் டீச்சர். நீங்கள் ஒரு ஆள்தான் இதைக் கேட்கிறீங்கள்” என்றார். எழும்பிப் போகிறார்கள்தான். ஆனால் விளக்கைப் போட்டால் யார்தான் எழும்பாமல் இருப்பார்கள்? கலியாண வீட்டில் இலையை எடுத்துவிட்டு, பாயாசம் யாருக்கும் வேண்டாமாம் என்று சொன்ன மாதிரி இருக்கிறது. அப்புறம், நான் ஒரு ஆள் இல்லை. அன்றைக்கு நாங்கள் ஒன்பது பேர். பின்வரிசையில் ஒரு சிங்களத் தம்பதி, அவர்களும் விளக்கு எரிந்த பிறகும் கொஞ்ச நேரம் திரையைப் பார்த்தபடி நின்றார்கள். எங்களைப் பார்த்து அந்தப் பெண் கையை விரித்துக் காட்டினார். பாஷை தேவைப்படவில்லை.

இந்த ஊர்க்காரர்களுக்கு இசையைக் கேட்கத் தெரியாது என்று மட்டும் நினைக்க வேண்டாம். என் அப்பா இலங்கை வானொலியின் தமிழ்ச் சேவையில் வளர்ந்தவர். படத்தைப் பார்க்கக் காசில்லாத காலத்தில், அதன் வசனத்தையும் பாட்டையும் ஒலிச்சித்திரமாக வானொலியில் கேட்டே முழுப் படத்தையும் மனதில் ஓட்டியவர். கடல் கடந்து தமிழ்நாட்டில் காத்திருந்து கேட்ட வானொலி அது. ஒரு பாட்டு ஒலிபரப்பானால் பாடியவர், எழுதியவர், இசையமைத்தவர் என்று மூவர் பெயரையும் சொல்லிவிட்டுத்தான் அறிவிப்பாளர் பாட்டைப் போடுவார். பெயரைச் சொல்வது அங்கே நேர விரயமாக இருக்கவில்லை. நீங்கள் நிறுத்துகிற அந்தப் பட்டியலில் வயலின் வாசித்தவர், ஒலியைப் பதிந்தவர், கோரஸை நடத்தியவர் என்று பலர் வரக்கூடும். வயலின் வாசிக்கிறவர் பெயரும் திரையில் வரும் என்று என் பிள்ளைகளுக்குக் காட்ட ஆசைப்பட்டேன். நான் பார்த்து வளர்ந்த பக்கவாத்தியக்காரர்களில் பலருக்கு நோட்டீஸில் பெயரே வந்ததில்லை.

ஐந்து காட்சிக் கணக்கையும் நான் போட்டுப் பார்த்தேன். பெயர்கள் ஓட எட்டு நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். ஐந்து காட்சிக்கு நாற்பது நிமிடம். உங்கள் முன்விளம்பரங்கள் ஒரு காட்சிக்கு பதினெட்டு நிமிடம் போகின்றன, ஜனவரியில் கைக்கடிகாரத்தில் பார்த்தேன். ஐந்து காட்சிக்கு ஒன்றரை மணித்தியாலம். ஆக, நேரம் இல்லாமல் இல்லை. விளம்பரக்காரர் காசு தருகிறார் என்பீர்கள். சரி, நாங்களும் தருகிறோமே.

இனி நான் கேட்பது.

படம் திரைக்கு வருமுன் இடது, வலது ஒலிபெருக்கிகளை ஆள் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பேச்சைப் போட்டுப் பார்க்காமல் இசையைப் போட்டு, ஒவ்வொரு பக்கமாகப் பாருங்கள். கோளாறு திருத்தப்படவில்லை என்றால் அந்த மண்டபத்தில் இந்தப் படத்தைப் போடாதீர்கள், அல்லது டிக்கெட் விற்கும்போதே சொல்லிவிடுங்கள்.

விளம்பரத்துக்கு எவ்வளவு வேண்டுமானாலும் குறையுங்கள். படம் தொடங்கும்போது ஏழுக்கு, முடியாவிட்டால் ஆறுக்காவது கொண்டுவாருங்கள்.

இடைவேளை விடும் இடத்தை, முதல் நாள் ஒப்பரேட்டர் படத்தை ஒருமுறை ஓட்டிப் பார்த்துத் தீர்மானிக்கட்டும். ஒரு காட்சி முடிந்து இசை ஓய்கிற இடம் எந்தப் படத்திலும் நடுப்பகுதியை ஒட்டி ஒன்று இருக்கும். ஐந்து நிமிடம் முன்பின் ஆனால் சோளப்பொரி ஆறிவிடாது.

பெயர்கள் கடைசிவரை ஓடட்டும், சத்தத்தோடு. நடைபாதை விளக்கை மட்டும் போடுங்கள், போகிறவர்கள் விழாமல் போகட்டும். துப்புரவு செய்பவர்கள் உள்ளே வந்து வேலையைத் தொடங்கட்டும், எங்கள் காலடி வரும்போது நாங்கள் காலைத் தூக்கிக்கொள்கிறோம். இன்று எல்லாம் டிஜிட்டல். விளக்கு எப்போது எரிய வேண்டும் என்பதை கணினியில் ஒருமுறை மாற்றி வைத்தால் ஐந்து காட்சிக்கும் அதுவே நடக்கும் என்று உங்கள் ஒப்பரேட்டரே சொன்னார்.

ஐந்து காட்சிக்கும் இது முடியவே முடியாது என்றால், ஒரு நாளில் ஒரு காட்சியை இப்படி நடத்துங்கள். எந்தக் காட்சி என்று கவுண்டரில் எழுதி ஒட்டுங்கள், தமிழிலும் சிங்களத்திலும். இராக் காட்சியாக இருந்தாலும் வருவோம்.

வருகிற வெள்ளிக்கிழமை பின்னேரம் மறுபடியும் கவுண்டருக்கு வருவேன். அந்தத் தம்பியிடம் பதிலைச் சொல்லி வையுங்கள். எழுதிக் கொடுத்தால் இன்னும் நல்லது. ஆம் என்றால் அப்போதே ஒன்பது டிக்கெட் எடுப்பேன், நடு வரிசையில்.

இப்படிக்கு,
வெள்ளவத்தையிலிருந்து ஒரு வயலின் ஆசிரியை
மே 2025